ஒரு நாளைக்கு நாற்பது பேர்

தவசிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்று. இருபது வருடம் தொண்டு நிறுவனத்தில் ஊர் ஊராக அலைந்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி, பேராசிரியர் ஜெயசீலி, அவரைவிட எட்டு வயது இளையவர். கிராமத்து மனநலத்தை ஆராய்வதிலேயே அவர் காலம் போயிருந்தது. அதிகம் பேசமாட்டார்.

ஒரு திங்கட்கிழமை தவசிமுத்து படிவங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மனச்சோர்வைக் கண்டறியும் இருபது கேள்விகள், முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.

"எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னே சொல்லிட்டாங்க மேடம். ஆனா அந்த ஊர்கள்ல போன வருஷம் மூணு பேர் மருந்து குடிச்சிருக்காங்க. இது எப்படி?"

"எங்க வச்சுக் கேட்டீங்க?"

"நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க்கரையில. எல்லாரும் ஒரே இடத்துல இருப்பாங்க. ஒரு நாளைக்கு நாப்பது பேரை முடிச்சிடலாம்."

சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருக்காதா பின்னே, வெயிலில் நின்று வாங்கிய பதில்கள்.

ஜெயசீலி ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்று துறை அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். அங்கே எழுத்தரும் இரண்டு விரிவுரையாளர்களும் கையெழுத்து வாங்க வந்த மாணவர்களும் இருந்தார்கள். எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார்.

"தூக்கம் வராம கஷ்டப்படுறீங்களா?"

"இல்லை மேடம்."

"அழணும்போல இருக்கா?"

தவசிமுத்து சிரித்துவிட்டார். "எனக்கென்ன மேடம் குறை?"

இருபதும் முடிந்தது. ஜெயசீலி கூட்டிப் பார்த்தார். "பூஜ்யம். ரொம்ப நல்லா இருக்கீங்க."

"கொடுத்து வச்ச மனுஷன்" என்றார் எழுத்தர்.

அறைக்குத் திரும்பியதும் ஜெயசீலி கதவைச் சாத்தினார். பேனாவை மூடிவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. வெளியே மணி அடித்து அடுத்த வகுப்பு தொடங்கியது. அப்போதும் கேட்கவில்லை.

"பையன் என்கிட்ட பேசி நாலு மாசமாச்சு மேடம்" என்றார் தவசிமுத்து. "போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். தூக்கமாவது ஒண்ணாவது."

கொஞ்ச நேரம் கழித்து அவர் பார்வை மேசைமேல் இருந்த கட்டுகளுக்குப் போனது. பயந்துவிட்டார்.

"ஆறு மாசத்துல ஆய்வேட்டைக் குடுத்தாகணும் மேடம். இல்லைன்னா என் பதிவே ரத்தாயிடும். இப்படிப் பேச ஆரம்பிச்சா ஒரு நாளைக்கு ஒருத்தரைத் தாண்டாது. நான் என்னதான் செய்யிறது?"

ஜெயசீலி கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார்.

"பையன் பேரு என்ன?" என்று கேட்டார்.