பன்னிரண்டும் சரி

"லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற கட்டி, மேடம். அதுவும் பெரியவங்களுக்கு. எட்டு வயசுப் பிள்ளைக்கு வரும்னு நான் கனவா கண்டேன்?"

கேட்டவர் டாக்டர் சேந்தன். கெட்டிக்காரர். கேள்வி கேட்க வரும்போதே பதிலையும் மடியில் கட்டிக்கொண்டு வருவார்.

மேஜைமேல் இசக்கிப்பிரியாவின் ஸ்கேன் படம். கேட்கும் நரம்பில் கட்டி. ஒரு காது போய்விட்டது, இனி வராது. சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும். வெளியே பெஞ்சில் அவள் தாய் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

பேராசிரியர் மீனலோசனி கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"கூப்பிட்டா பிள்ளை திரும்ப மாட்டேங்குதுன்னு."

"எத்தனை தடவை வந்தாங்க?"

"மூணு."

மூன்று தேதிக்கும் சேந்தன் கையெழுத்தில் ஒரே வரி: 'மூளை நரம்புகள் பன்னிரண்டும் சரி.' கேட்கும் நரம்பும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. கூட்டம் நெரியும் ஓபியில் டாக்டர்கள் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி எழுதும் வரி அது. நோயாளியைத் தொடவே வேண்டாம், பேனா தானாக எழுதிவிடும். மீனலோசனிக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"சோதிச்சியா?"

சேந்தன் ஸ்கேன் படத்தைப் பார்த்தார்.

மீனலோசனி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டார்.

"என் காதைச் சோதிச்சுப் பாரு."

"மேடம், உங்களுக்கு என்ன..."

"பாருப்பா."

சேந்தன் அவருடைய வலது காதருகே விரல்களை உரசினார்.

"கேக்குது."

இடது காதருகே உரசினார். பதில் இல்லை. இன்னும் கிட்டே போய் உரசினார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் மீனலோசனி.

சேந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருடமாக ரவுண்ட்ஸில் மேடத்தின் அந்தக் காதுப் பக்கம்தான் அவர் நின்று பேசுகிறார்.

"எப்போலேர்ந்து, மேடம்?"

"ஒன்பது வயசுலேர்ந்து. இதே கட்டிதான்." கண்களைத் திறந்தார். "போ. அந்தம்மாகிட்ட நீயே சொல்லு."

சேந்தன் வெளியே போனார். தாய் எழுந்து நின்றாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். முதல் தடவையே சோதித்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதையும் சொன்னார். திட்டுவாள் என்று தலைகுனிந்து நின்றார்.

அவள் திட்டவில்லை. தன் வலது கையையே வெறித்துப் பார்த்தாள்.

"காது நல்லாருக்குன்னு நீங்க சொன்ன பொறவுதான சார், வேணும்னே திரும்ப மாட்டேங்கான்னு நான் அவளை அடிச்சேன்?"