ஏறும் குழாய், இறங்கும் குழாய்

அன்றைக்கு ஆசிரமத்துக் கொல்லையில் ஒரே அமர்க்களம். ஏகாம்பரம் கட்டிய மீன்குளத்தில் முதன்முதலாக மோட்டார் ஓடப்போகிறது. குரு மங்களாம்பிகையைவிட இந்தச் சீடருக்குப் பத்து வயசு கூட. இருந்தும் பாருங்கள், காலையிலிருந்து மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஒரு மீன் செத்தாலும் குளத்தை மூடிடுவேன்" என்று சொல்லித்தான் குரு அனுமதி தந்திருந்தார்.

ஏற்பாடு சுலபம்தான். குளத்துத் தண்ணீரை மோட்டார், மேடைமேல் இருக்கிற டிரம்முக்கு ஏற்றும். டிரம்மில் உள்ள மணல் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் இன்னொரு குழாய் வழியாகக் குளத்துக்கே இறங்கிவிடும்.

"அம்மா, உங்க கையால சுவிட்சைப் போடுங்க!"

குரு போட்டார். இறங்கும் குழாயில் தண்ணீர் கொட்டியது. "ஆகா! ஆகா!" என்று ஏகாம்பரம் கைதட்டிக் குதித்தார். எல்லோரும் பாயசம் குடிக்க உள்ளே போனார்கள்.

திரும்பி வந்தால், ஐயோ! டிரம் நிரம்பி வழிந்து கத்தரிப் பாத்தியெல்லாம் வெள்ளம். குளத்திலோ கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. சிவப்புக் கெண்டைகள் துள்ளித் துடித்தன.

"போச்சு, போச்சு! என் பிள்ளைங்க எல்லாம் போச்சு!"

ஏகாம்பரம் வேட்டியோடு குளத்தில் குதித்தார். குரு மோட்டாரை நிறுத்திவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் இறங்கினார். இரண்டு பேருமாக மீன்களை வாரி வாரி அண்டாவில் போட்டார்கள். நல்லவேளை, ஒன்றுகூடச் சாகவில்லை.

மூச்சு வாங்கியபடி குரு டிரம்மைப் பார்த்தார்.

"ரெண்டு குழாயும் ஒரே சைஸா?"

"ஆமாம்மா. ரெண்டுமே ஒண்ணரை இஞ்ச்."

"ஏன்?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? வர்றதையும் போறதையும் சமமாப் பாருன்னு நீங்கதானே தினமும் சொல்றீங்க!"

குருவுக்கு வந்ததே சிரிப்பு! கரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஏகாம்பரத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப நீங்க சொன்னது தப்பாம்மா?"

குரு டிரம்மைத் தட்டிக் காட்டினார்.

"இதுக்குள்ள வர்றதைத் தள்ளிவிட மோட்டார் இருக்கு. போறதைத் தள்ள யார் இருக்கா, ஏகாம்பரம்? அதுக்கு நாமதான் அகலமா வழி விடணும்."