பொட்டல்குருவி வாய் திறந்த கதை

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் நம்மைப் போலவே பேசிக்கொண்டும் நம்மைப் போலவே புளுகிக்கொண்டும் திரிந்தபோது, ஒரு கண்மாய்க்காட்டில் காற்றுக்குத் தரம் போடுகிற வழக்கம் இருந்தது. சூறைக்காற்று அடித்து ஓய்ந்ததும் மரங்கொத்தி போய் எது விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். பனை விழுந்திருந்தால் அது பனங்காற்று. முள்மரம் விழுந்திருந்தால் முள்காற்று. ஒன்றுமே விழாவிட்டால் வெறும் புல்காற்று. காற்று என்ன வேகத்தில் வந்தது, யாரைத் தூக்கிக்கொண்டு போனது என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். பனங்காற்று அடித்த இடத்தை எல்லாரும் காலி செய்துவிட்டு, புல்காற்று அடித்த இடத்தில் போய்த் தங்குவார்கள். அங்கே ஆபத்தில்லை என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

மரங்கொத்தி போட்ட தரத்தை ஊருக்குச் சொல்கிற வேலை மைனாவுடையது. ஆலமரத்தில் உட்கார்ந்து அவள் ஆரம்பித்தால் மான் மேய்ச்சலை விட்டுவிட்டு வந்து நிற்கும். காலையில் ஒரு கிளை ஒடிந்தது என்பாள். சாயங்காலத்துக்குள் தோப்பே படுத்திருக்கும். கேட்கிறவர்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது. வரும்போதே ஆளுக்கொரு பழத்தோடு வந்தார்கள். பழம் வாங்கிக்கொண்டு சேதி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நீங்கள் நம்புவதானால் அது உங்கள் பாடு.

கண்மாய்க்கு மேற்கே ஒரு பொட்டல். மரமோ புதரோ கிடையாது, வெறும் சரளைக்கல். அங்கே பொட்டல்குருவி ஒருத்தி புருஷனோடு குடியிருந்தாள். மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புத் தோல், சுத்தமான வாயில்லாப் பூச்சி. கல்லோடு கல்லாக நாலு முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சித்திரை மாதத்து மதியம் சூறை கிளம்பியது. செம்மண்ணை வாரிச் சுருட்டித் தூண் மாதிரி நிறுத்திக்கொண்டு பொட்டலுக்குள் புகுந்தது. சரளைக்கல்லே எழும்பிப் பறந்தது. இரண்டு பேரும் இறக்கையை விரித்து முட்டைகள் மேல் படுத்தார்கள். காற்று போன பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். புருஷனைக் காணோம். மூன்று முட்டைகளைக் காணோம். அவள் வயிற்றுக்கடியில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது.

அதே காற்று போகிற போக்கில் பனந்தோப்பின் ஓரத்தையும் உரசி, ஒரு பனையைச் சாய்த்திருந்தது. மரங்கொத்தி முதலில் அங்கே போய் பனங்காற்று என்று தரம் போட்டுவிட்டுத்தான் பொட்டலுக்கு வந்தார். வந்தார் என்றால் உள்ளே வரவில்லை. அங்கே அவர் பற்றிக்கொள்ள மரம் ஏது? ஓரத்துக் கருவேல மரத்தில் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இங்கே என்ன தாயி விழுந்தது?"

"என் வீட்டுக்காரர் போயிட்டார், அண்ணாச்சி. மூணு முட்டையும் போச்சு."

"விழுந்தது எதுன்னு கேட்டேன்."

"பறந்து போனது கணக்கில்லையா?"

மரங்கொத்தி பொட்டலை ஒரு சுற்றுப் பார்த்தார். கல் எல்லாம் கல்லாகத்தான் கிடந்தது. புல்காற்று என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார்.

பொட்டல்குருவிக்கு வயிறெரிந்தது. எரிச்சலோடு ஒரு சந்தேகமும் வந்தது. கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையை மறைத்துவிட்டு, விழுந்த பனையைப் பார்க்கப் போனாள். அது எப்போதோ செத்த மொட்டைப்பனை. உள்ளே உளுத்துக் கோறையாகி, மேலெல்லாம் வட்ட வட்டமாகப் பொந்து. அந்த வட்டத்தைப் போடுகிற அலகு காட்டில் ஒன்றுதான் உண்டு. ஓட்டை போட்டவரே வந்து தரமும் போட்டிருக்கிறார்! இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மைனாவிடம்தான் போனாள். அந்தப் பனையைப் பார்த்தாயா மதினி என்று கேட்டாள். அண்ணாச்சி பார்த்த பிறகு நான் வேறு எதற்குப் பார்க்கணும் என்றாள் மைனா. பொட்டலுக்காவது ஒரு நடை வந்து பாரேன் என்றதற்கு, அங்கே உட்கார ஒரு கொப்பு உண்டா என்று திருப்பிக் கேட்டாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "முட்டை உடைஞ்ச கதையை யாரு மதினி நின்னு கேப்பா?" என்றாள்.

மறுநாளே மைனா சேதியைப் பரப்பிவிட்டாள். பனந்தோப்பு மொத்தமும் நாசம், பொட்டலில் ஒரு தூசிகூட அசையவில்லை, எல்லாரும் அங்கே போய்விடுங்கள் என்றாள். மானும் முயலும் காட்டுப்பன்றியும் குட்டிகளை முன்னால் விட்டுக்கொண்டு புறப்பட்டன.

முட்டையின் மேல் உட்கார்ந்திருந்த பொட்டல்குருவி, கண்மாய்க் கரையேறி வருகிற கூட்டத்தைப் பார்த்தாள். அதே நேரம் அவள் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. மேற்கே திரும்பினாள். அதே செம்மண் தூண், அதே தடத்தில் வந்துகொண்டிருந்தது. இவள் படுத்தே கிடந்தால் முட்டை ஒருவேளை தப்பும், ஆனால் அத்தனை குட்டிகளும் காற்றின் வாய்க்குள் நடந்துபோகும். எழுந்தாலோ முட்டை தப்பாது.

எழுந்தாள். பிறந்ததிலிருந்து சத்தமே போடாதவள், முன்னால் வந்த மானின் முகத்துக்கு நேரே பாய்ந்து தொண்டை கிழியக் கத்தினாள். மான் ஒதுங்கியது. முயலின் மேல் பாய்ந்தாள், பன்றியின் மேல் பாய்ந்தாள். இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கூட்டம் மிரண்டு கரைக்குப் பின்னால் இறங்கியது. சூறை அவர்கள் கண்ணெதிரே பொட்டலை வழித்துக்கொண்டு போனது.

புழுதி அடங்கியதும் அவள் போய்த் தேடினாள். கல்தான் இருந்தது.

மரங்கொத்தி வந்தார். அதே கருவேல மரம், அதே கேள்வி. ஒன்றும் விழவில்லை, புல்காற்றுதான். அன்று சாயங்காலம் மைனா பொட்டலில் சேதமில்லை என்று சொல்லிவிட்டு, பொட்டல்குருவிக்குப் புத்தி பேதலித்து வழியில் போகிறவர்களைப் பார்த்துக் கத்துகிறாள் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். காற்றைக் கண்ணால் பார்த்த கூட்டம்தான் கீழே நின்றது. அப்படித்தான் இருக்கும் என்று அதுவும் தலையை ஆட்டியது.

குட்டியோடு ஒரு பெண்மான் மட்டும் பொட்டலுக்குத் திரும்பி வந்து, எங்களோடு ஆலமரத்துப் பக்கம் வந்துவிடேன் என்று கூப்பிட்டது. "இங்கே காத்து அடிச்சதுக்கு ஒரு அடையாளமும் இல்லையே, சொன்னா யாரு நம்புவா? இங்கேயே இருந்து என்ன செய்யப்போறே?" என்றது.

"அடையாளம் எல்லாம் காத்தோட போச்சு," என்றாள் பொட்டல்குருவி. "நான் ஒருத்திதான் மிச்சம். நானும் போயிட்டா இங்கே ஒண்ணுமே நடக்கலைன்னு ஆயிடும்."

அன்றைக்குப் பிறகும் அவளும் அவள் இனமும் மரத்தை நம்பாமல் அதே வெட்டவெளிக் கல்லில்தான் முட்டை இடுகிறார்கள். நல்லவனோ கெட்டவனோ, யார் வந்தாலும் தலைக்கு மேலே பறந்து கத்துகிறார்கள். நாம் அவளுக்கு ஆட்காட்டி என்று பெயர் வைத்துவிட்டுச் சிரிக்கிறோம். அவளோ அன்று முதல் தன் சேதியை இன்னொருவர் வாயில் கொடுத்தனுப்புவதில்லை.