பந்தியில் முதலாளிக்கு ஒதுக்கிய இடம்

அம்மன் கோயில் திடலில்தான் கொடைத் திருவிழா அன்றைக்கு ஊருக்கே பந்தி. திடலை ஒட்டி லாரிப் பட்டறை வைத்திருந்த சங்கிலிப்பாண்டி, கழிவு ஆயிலை எல்லாம் அந்தத் திடலிலேயே ஊற்றிவந்தார். ஊர் தட்டிக் கேட்டதும், திடல் பெருக்கும் பேச்சித்தாய் மீது பாய்ந்தார்.

"என் பட்டறையிலிருந்து ஒரு சொட்டு வரல. நீ ஒழுங்காப் பெருக்கல. அடுத்த கொடைக்குள்ள திடல் சுத்தமாகணும், இல்லன்னா உனக்கு வேலை கிடையாது. கோயில் மண்ணு ஒரு பிடி வெளிய போனாலும் தெய்வக் குத்தம், தெரியும்ல?"

"சரி மொதலாளி" என்றாள் பேச்சித்தாய்.

கோயிலுக்குப் பின்னால் வேப்பிலை மக்கிக் கருப்பாகக் குவிந்து கிடந்தது. வருஷம் முழுக்க அதை அள்ளி வந்து ஆயில் மண்ணில் கலந்தாள், தண்ணீர் தெளித்தாள், கிளறிவிட்டாள். அடுத்த கொடைக்குத் திடலில் புல்லே முளைத்துவிட்டது.

பட்டு வேட்டியில் பந்திக்கு வந்த சங்கிலிப்பாண்டி ஊரைப் பார்த்துச் சிரித்தார். "ஆயில் ஊறின மண்ணுல புல் முளைக்குமா? இங்க ஆயிலே கிடையாதுன்னு அன்னைக்கே சொன்னேன்."

"மக்கின குப்பை ஆயிலை இளக்கிக் கொடுத்துச்சு மொதலாளி. அதுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உசிருக தின்னு தீர்த்துருச்சு. நீங்கதான் ஆயிலே இல்லங்கிறீங்களே, அதனால உங்க பட்டறைச் சுவரோரம் மட்டும் ஒண்ணும் போடாம விட்டுட்டேன். உங்களுக்கு அங்கதான் இலை போட்டிருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்திருந்த ஊர் மொத்தமும் அவரையே பார்த்தது. சாம்பார் வாளி காத்து நின்றது.

சங்கிலிப்பாண்டி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மெல்லக் கேட்டார்: "இந்த ஓரத்துக்கு எத்தனை கூடை குப்பை வேணும்?"