இடது கையால் நிரப்பிய படிவம்

"சார், விலை கம்மியா ஒரு மென்பொருள் சொல்லுங்க. படிவத்தை பி.டி.எஃப்-ஆ அனுப்பினா, ஆளுங்க வீட்டுலயே கம்ப்யூட்டர்ல நிரப்பித் திருப்பி அனுப்பணும்."

மரகதவல்லி நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டாள்.

காரைக்குடியில் பேச்சுப் பயிற்சி நிலையம் வைத்திருந்தாள். பக்கவாதம் வந்து நாக்கு குழறுகிறவர்களைத் திரும்பப் பேச வைப்பது அவள் வேலை.

எதிர் மாடியில் கணினி வகுப்பு நடத்திய யூசுப் அவளைவிட இளையவர். ஆனாலும் தெருவே அவரை சார் என்றுதான் கூப்பிட்டது. அவரிடம் கேள்வி கேட்கப் போனவர்கள் வேலையோடு திரும்பி வருவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

"இப்ப எப்படிச் செய்றீங்க?" என்றார் யூசுப்.

"காகிதத்துல கொடுக்கறேன். கூட வர்றவங்க நிரப்பறாங்க. பயிற்சி நேரத்துல பாதி அதுலயே போயிடுது. நானும் தேடிப் பார்த்துட்டேன் சார். மாசாமாசம் அவங்க கேக்கற பணத்துக்குக் கடை வாடகையே கட்டிடலாம். இலவசம்னு ஒண்ணு கிடைச்சுது. அது என் படிவத்துக்குக் குறுக்கே அதோட பேரை அச்சடிச்சு வைக்குது."

யூசுப் சிரித்தார். அவளுடைய மடிக்கணினியை வாங்கி லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளை இறக்கினார்.

"இதுக்குக் காசு வேண்டாம்."

படிவத்தில் நிரப்புவதற்கான கட்டம் போடுவது எப்படி, அதை பி.டி.எஃப் ஆக்குவது எப்படி என்று ஒரு முறை செய்து காட்டினார். பிறகு தன் மாணவர்களிடம் போய்விட்டார்.

பொழுது சாய்வதற்குள் அவள் தன் பழைய படிவம் முழுவதையும் ஏற்றி முடித்தாள். எழுந்து கைகூப்பினாள்.

"இவ்வளவுதானா சார்! ரொம்ப நன்றி. நான் வர்றேன்."

"உக்காருங்க அக்கா. நிரப்பிட்டுப் போங்க."

"நானா?"

"வலது கையை முந்தானைக்குள்ள சுருட்டி வச்சுக்குங்க. வாயைத் திறக்கக் கூடாது."

அவள் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள்.

பெயர் வந்தது. முகவரியில் தப்பு விழுந்தது. அழித்தாள். மறுபடி விழுந்தது. அடுத்து, 'நோய் வந்த விதத்தை விரிவாக எழுதவும்' என்று அவளே கேட்டிருந்தாள். இரண்டு வரி அடிப்பதற்குள் இடது மணிக்கட்டு வலித்தது. கட்டமும் நிறைந்துவிட்டது.

இடம் போதவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

யூசுப் விரலை உதட்டில் வைத்தார்.

அவள் திரையைக் காட்டினாள்.

"தண்ணி வேணுமா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"ஃபேன் போடவா?"

மேசையைத் தட்டினாள்.

"பொறுமை, பொறுமை. அதான் நாங்க இருக்கோம்ல," என்றார் யூசுப், குழந்தையிடம் சொல்வது போல.

மரகதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். படிவத்தை முதலிலிருந்து அழிக்கத் தொடங்கினாள். யூசுப் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

புதிய படிவம் ஒரே பக்கம். முக்கால்வாசிக் கேள்விகளுக்குச் சின்னச் சதுரத்தில் ஒரு தட்டு தட்டினால் போதும். அடியில் மட்டும் ஒரு பெரிய கட்டம். அதற்கு மேலே, 'நீங்கள் முதலில் என்ன பேச விரும்புகிறீர்கள்?'

அதை முதலில் அனுப்பியது கதிரேசனுக்கு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவருக்காக எல்லாப் பதிலையும் மனைவிதான் சொன்னார்.

"பசங்களுக்கு வண்டி சொல்லிக் கொடுக்கணும் மேடம். அதுதான் இவருக்கு உசுரு. அதுக்குத் தேவையானதைச் சொல்ல வச்சாப் போதும்."

அப்போதெல்லாம் கதிரேசன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

படிவம் திரும்பி வந்த மறுநாள் இருவரும் வந்தார்கள்.

"நேத்து ரொம்ப நேரம் கம்ப்யூட்டர் முன்னாலயே உக்காந்திருந்தார் மேடம். என்னைப் பக்கத்துலயே விடலை. என்னதான் எழுதியிருக்கார்?"

மரகதவல்லி கதிரேசனைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையசைத்தார்.

திரையை அந்த அம்மாள் பக்கம் திருப்பினாள். பெரிய கட்டத்தில் இருந்தது:

'தெய்வநாயகி. என் மனைவி பேர். இப்ப கை தட்டித்தான் கூப்பிடுறேன்.'

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று நிலையத்தைப் பூட்டியதும் மரகதவல்லி நேரே எதிர் மாடிக்கு ஏறினாள். நடந்ததை நின்றபடியே சொன்னாள்.

"எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார்."

"எனக்கு எதுக்கு? எழுதினது அவரு." யூசுப் நாற்காலியை இழுத்துப் போட்டார். "பேர் அவர் வாயில வந்துச்சா?"

"கஷ்டமான பேர் சார். 'தெய்வ' வரைக்கும்தான் வந்துச்சு."

"அப்புறம்?"

"அதுக்குள்ள அந்தம்மா, 'என்னங்க?'ன்னுட்டாங்க."