நாவல் கன்றுக்கு வெளிச்சம்

மலை உச்சியில் தவமணியம்மாளின் மடத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பைன் மரங்கள்தான். காகிதக் கூழுக்காக யாரோ நட்டார்கள். நட்டவர்கள் வெட்ட வரவில்லை. மரங்கள் நெருக்கியடித்து வளர்ந்து வானத்தை அடைத்துக்கொண்டன. அடியில் உதிர்ந்த ஊசி இலை மெத்தையாகக் கிடந்தது. குனிந்து தேடினால் அதற்குள்ளிருந்து பழைய சோலை மரங்களின் கன்றுகள் தலைநீட்டிக்கொண்டிருக்கும். பல வருஷமாக அதே முழங்கால் உயரம்.

பொன்னுரங்கம் அங்கே சீடராக வந்து சேர்ந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். குருவைவிட இருபது வயது மூத்த சீடர். பெரியகுளத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். மனைவி வடிவு போய்ச் சேர்ந்ததும் கடைக்குப் பூட்டைப் போட்டுவிட்டு மலையேறிவிட்டார்.

வந்த அன்றே கேட்டார்.

"அவ நெனப்பு எப்பம்மா என்னைய விட்டுப் போகும்?"

தவமணியம்மாள் ஒரு சுண்ணாம்பு வாளியையும் பூசுகிற மட்டையையும் அவர் கையில் கொடுத்தார்.

"வாங்கய்யா, மரம் குறிக்கணும்."

குறிப்பது என்றால், வெட்ட வேண்டிய பைனுக்குச் சுண்ணாம்பால் ஒரு வளையம் போடுவது. வருஷத்துக்கு ஒரு தடவை ரம்பக்காரர்கள் வந்து வளையம் போட்ட மரங்களை மட்டும் சாய்ப்பார்கள். அம்மாள் ஒரு மரத்துக்கு வளையம் போட்டால் பக்கத்தில் இரண்டை விட்டுவிடுவார். கீழே கன்றைப் பார்ப்பார், அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார், போய்க்கொண்டே இருப்பார். பொன்னுரங்கத்துக்கு இந்தக் கஞ்சத்தனம் பிடிபடவே இல்லை.

"எல்லாத்தையும் ஒரேயடியாச் சாய்ச்சுட்டா சோலை சீக்கிரம் வந்துரும்லம்மா?"

"உங்களுக்கு என்னய்யா அவசரம்?"

"எனக்கு வயசாயிருச்சும்மா."

"காட்டுக்கு அதைவிட வயசாச்சு."

வடிவின் நினைப்பும் குறைந்தபாடில்லை. கஞ்சி குடிக்க உட்கார்ந்தால், உப்புப் போதுமா என்று அவள் கேட்பாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டால், காதை மூடுங்க என்பாள். மனுஷன் ஏங்கியே பாதியாகிப் போனார்.

கார்த்திகையில் மகள் செண்பகம் போன் பண்ணினாள்.

"அப்பா, தை பொறந்ததும் எனக்குப் பேறுகாலம். அம்மாதான் இல்ல. நீங்களாச்சும் பக்கத்துல இருங்கப்பா."

"பாக்குறேன்த்தா" என்று வைத்துவிட்டார்.

"போகலையா?" என்று கேட்டார் அம்மாள்.

"எப்படிம்மா போவேன்? மக மூஞ்சி அச்சு அசல் அவ மூஞ்சி. அதைப் பார்த்தா நான் தாங்க மாட்டேன். இந்த நெனப்பு அடியோட அத்துப் போகட்டும். அப்புறம் எறங்குறேன்."

 மார்கழியில் அம்மாள் ஒரு காரியமாகப் பழனிக்குப் போனபோது, கிழக்குச் சரிவைக் குறிக்கும் வேலையைப் பொன்னுரங்கத்திடம் விட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சரிவில்தான் அவருடைய நாவல் கன்று இருந்தது. அவருடையது என்றால் சும்மா இல்லை. தினமும் காலையில் போய், மேலே விழுந்த ஊசி இலையைத் தட்டிவிட்டு, "இன்னும் எத்தன நாளைக்குத்தான் இப்படியே நிப்ப?" என்று அதனோடு பேசிவிட்டு வருவார். வெளிச்சத்துக்குத் தவிக்கிற செடி என்று அவருக்கு ஒரே ஆற்றாமை. அன்றைக்கு அதைச் சுற்றியிருந்த பைன் ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாவற்றுக்கும் வளையம் போட்டார்.

ரம்பக்காரர் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"எல்லாத்தையுமாங்க சாமி?"

"எல்லாத்தையுந்தான். புள்ள வெயிலப் பார்க்கட்டும்."

மரங்கள் சாய்ந்தன. நாவலுக்கு மேலே முழு வானமும் திறந்தது. பொன்னுரங்கம் அன்று வயிறாரச் சாப்பிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கவும் செய்தார்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் உறைபனி இறங்கியது. விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தார். வெட்டாமல் மரம் நிற்கிற இடங்களில் தரை வெறும் ஈரமாக இருந்தது. வெட்டின இடம் முழுக்க உப்பைக் கொட்டியது போல வெள்ளை. நடுவில் நாவலின் இலைகள் வெந்து கறுத்துத் தொங்கின.

அப்படியே உட்கார்ந்து அழுதார். வடிவு போனபோதுகூட அவர் இப்படி வாய்விட்டு அழவில்லை.

முந்தின நாள்தான் பழனியிலிருந்து திரும்பியிருந்த அம்மாள் சத்தம் கேட்டு வந்தார். கன்றின் தண்டை நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சை தெரிந்தது.

"உசுரு இருக்கு. வெயில் சுள்ளுனு ஏறுறதுக்குள்ள கொப்பு கொண்டாங்க."

"எந்தக் கொப்பும்மா?"

"நீங்க வெட்டிப் போட்டீங்கல்ல, அந்தப் பைன் கொப்புதான்."

இழுத்து வந்தார். இருவரும் கன்றைச் சுற்றி ஊன்றினார்கள். பயத்தில் அவர் இடைவெளியே இல்லாமல் நெருக்கி ஊன்றப் போனார். அம்மாள் அவர் கையைப் பிடித்துத் தள்ளி ஊன்ற வைத்தார். சந்து வழியாகக் கொஞ்சம் வெயில் உள்ளே போய் விழுந்தது.

"நல்லது பண்றதா நெனச்சுக் கொல்லப் பார்த்துட்டேனேம்மா. இந்தப் பைன்தானே இதை வளரவிடாம அமுக்குச்சு?"

"ஆமா."

"அதேதான் பனியிலருந்து காப்பாத்துச்சா?"

"அதேதான்."

"அப்ப இதை எப்பத்தான் முழுசா வெட்டுறது?"

"நாவல் தனக்குத் தானே நிழல் போடட்டும். அப்ப கேளுங்க."

பொன்னுரங்கத்தின் பையில் போன் அடித்தது. மருமகன்தான். செண்பகத்துக்கு வலி எடுத்துவிட்டதாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்களாம். "உங்களையேதான் மாமா கேக்குறா" என்றான்.

 போனை வைத்துவிட்டு அம்மாளைப் பார்த்தார்.

"போகணும்னுதான்மா கெடந்து அடிச்சுக்குது. ஆனா அவ நெனப்பு இன்னும் போகலையே. அப்படியே இருக்கே. இதை வச்சுக்கிட்டு நான் போய் எப்படி அந்தப் பச்சப்புள்ளையத் தூக்குவேன்?"

தவமணியம்மாள் கையில் ஒட்டியிருந்த பிசினைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"அதோடவே போங்கய்யா. பச்சப்புள்ளைக்குக் கொஞ்சம் நிழல் வேணும்."