கழற்றாத மாலை

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் வாயில் இருக்கும் இந்த வெற்றிலை அங்கேயே வேர்விட்டுக் கொடியாகட்டும். நான் சொன்ன மற்ற கதைகளில் உப்பு கொஞ்சம் கூடியிருக்கலாம். இது அப்படியில்லை.

தேனிப் பக்கம் ஓர் ஊர். அங்கே சுருளி என்று ஒரு கொத்தனார். அவர் கழுத்தை மாலை இல்லாமல் ஊர் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு. மலைக்குப் போய் வந்து அதைக் கழற்றிய கையோடு பழனி முருகனுக்கு. அது முடிந்தால் சமயபுரத்தாளுக்கு. ஆடியில் ஓர் அம்மன், புரட்டாசியில் பெருமாள். நடுவில் ஒரு வாரம் காலி விழுந்தால் அதை அனுமாருக்குக் கொடுத்துவிடுவார். சாமிகளெல்லாம் அவர் கழுத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாலை போட்டால் பச்சைத்தண்ணீர்க் குளியல், தரையில் தனிப் பாய். மனைவியைத் தொடக் கூடாது.

ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கி வந்து திருநீறு பூசிக்கொண்டு போனார்கள். ஒருநாள் வரப்பில் ஒரு நல்லபாம்பு அவரைக் கண்டதும் ஒதுங்கி நின்று கும்பிட்டது. என் கண்ணால் பார்த்தேன். இரண்டு கையாலும் கும்பிட்டது.

சுருளிக்கு மட்டும் அந்தக் கும்பிடெல்லாம் முள்ளாகக் குத்தியது.

அந்தக் கார்த்திகையில் ஒரு மத்தியானம், இருமுடி கட்டும் நாளைக் கேட்டுப் போக குருசாமியிடம் வந்தார். குருசாமி என்றதும் வெள்ளைத் தாடியை நினைத்துக்கொள்ளாதீர்கள். சடையப்பன் சுருளியைவிடப் பத்து வயது இளையவர். பஸ் ஸ்டாண்டு அருகே பஞ்சர் கடை. அப்பா தோளில் உட்கார்ந்து முதல் மலை ஏறியவர், ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. கறுப்பு வேட்டியில் கிரீஸ் தெரியாது என்பது அவருக்கு ஒரு வசதி.

"சாமி சரணம். கட்டு என்னைக்கு சாமி?"

"சாமி சரணம். உக்காருங்க சாமி."

குருசாமி ஒரு டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இந்த மாலை கழட்டினா அடுத்தது எது?"

"பழனி."

"அதுக்கப்புறம்?"

"சமயபுரம்."

"அதுக்கப்புறம்?"

சுருளி சிரிக்கப் பார்த்தார். "என்ன சாமி, கண்டக்டர் மாதிரி ஸ்டாப்பிங் கேக்கறீங்க?"

"நேத்து பவுனக்கா இங்க வந்துச்சு."

பவுனுத்தாய் சுருளியின் மனைவி. சுருளியின் சிரிப்பு நின்றது.

"எதுக்கு?"

"'இந்த வருசம் அவருக்குக் கட்டுக் கட்டாதீங்க குருசாமி. எங்க வீட்ல சாமிதான் இருக்கு, மனுசன் இல்ல'ன்னு சொல்லுச்சு. அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அத்தனை இருமல். ஜாக்கெட்டு தோள்ல நிக்கல. ஏன் சாமி இப்படி எளைச்சுப்போச்சு?"

"பனி சாமி. பனிக்கு இருமுறா."

"பனியா?"

சுருளி தெருவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அப்புறம், கேட்க யாருமில்லை என்று தெரிந்தும், குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு சாமி."

குருசாமி டியூபைக் கீழே வைத்தார்.

"வெளியூர்ல வேலை பாத்தப்ப வந்துச்சு. மூணு வருசம் முந்திதான் தெரியும். யாருக்கும் தெரியாம அடுத்த ஜில்லாவுல போய் மாத்திரை வாங்கறேன். ஒரு வேளைகூட விட்டதில்ல."

"பவுனக்காவுக்குத் தெரியுமா?"

"ஐயோ!"

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"வீட்டுக்காரிய டெஸ்டுக்குக் கூட்டிட்டு வான்னாங்க. ஆணுறை குடுத்தாங்க. அதைக் கொண்டுபோனா ஏன்னு கேப்பா சாமி. மாலை போட்டா ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஊரு என்னைச் சாமிங்குது. எனக்குச் சாமியெல்லாம் வேணாம். அவளுக்கு வந்துடக் கூடாது, அவ்வளவுதான். மாலை போட்டதுலேருந்து அவ விரலக்கூடத் தொட்டதில்ல. அவளைக் காப்பாத்தத்தானே இத்தனையும்? சொல்லுங்க சாமி, இது தப்பா?"

"மாலை போட்டப்புறம் காப்பாத்துனீங்க. சரி." குருசாமி அவரை நேராகப் பார்த்தார். "அதுக்கு முன்னாடி?"

சுருளி முகத்தைத் திருப்பினார்.

பக்கத்துத் தொட்டியில் வேறொரு டியூப் அமுங்கிக் கிடந்தது. அதிலிருந்து குமிழி மேலே வந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிளம்புங்க சாமி. பவுனக்காவக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மலைக்குப் போய் வந்துட்டுப் பாப்போமே. மாலையோட அங்கெல்லாம் போகலாமா சாமி? பொணம் வர்ற எடம், தீட்டு. பாதியில கழட்டினாலும் தெய்வக் குத்தம்."

குருசாமி எழுந்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். கைகூப்பி ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். தன் கழுத்து மாலையைக் கழற்றி, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

"சாமி! என்ன சாமி இது!"

"இப்ப நான் வரலாம்ல? வண்டிய எடுங்க."

"அப்ப என் மாலை?"

"அது உங்க இஷ்டம். ஆனா விஷயத்த அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் வாயத் திறக்க மாட்டேன்."

சுருளி மாலையோடேயே போனார். ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் வைத்துப் பவுனுத்தாயிடம் சொன்னார். இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்தது, சொல்ல ஆரம்பித்ததும் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எப்பத் தெரியும்?"

"மூணு வருசம்."

அவள் அவரைத் தாண்டி நடந்து, தானே விசாரித்துக்கொண்டு, ரத்தம் கொடுக்கும் அறைக்குள் போனாள்.

சாயங்காலம் ஆலோசகர் அம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அவளுக்கும் இருந்தது. எதிர்ப்புச் சக்தி ரொம்ப இறங்கியிருந்தது. நெஞ்சுப் படத்தில் காசநோய். அன்றைக்கே வார்டில் சேர்க்க வேண்டும் என்றார்.

"பிழைச்சுக்குவாளா அம்மா?"

"பாடுபடுவோம். ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க."

அந்த அம்மா சுருளியின் சிகிச்சை அட்டையை வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சே சாமி. மாத்திரைய விடாம சாப்பிட்டிருக்கீங்க, உறவுல உங்ககிட்டேருந்து பரவியிருக்காது. இவங்களுக்கு அதுக்கெல்லாம் முன்னாடியே வந்திருக்கும். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இவங்களும் உங்கள மாதிரியே..."



சுருளியின் கை மாலையைப் பிடித்துக்கொண்டது.

"இனிமேலாவது கேட்டுக்குங்க. இவங்க மாத்திரை சாப்பிட்டு, இவங்களுக்கும் கிருமி இறங்கணும். அதுவரைக்கும் உறை கட்டாயம். ரெண்டு பேருக்கும்தான் இருக்கே, இனி என்னன்னு விட்டுடக் கூடாது. ஒவ்வொருத்தர் உடம்புல இருக்கற கிருமி ஒவ்வொரு மாதிரி." ஒரு பொட்டலத்தை மேஜையில் தள்ளினார்.

சுருளி அதைத் தொடவில்லை. கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை. வாசலில் ஆட்கள் வேறு.

பவுனுத்தாய் எட்டி எடுத்தாள்.

"சாமிக்குக் கூச்சம்மா. மூணு வருசமா கூச்சம்." முந்தானையில் முடிந்துகொண்டாள். இருமினாள். இருமல் அடங்கியதும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? கதவச் சாத்திக்கிட்டுக் கண்ணாடி பாத்துக்கிட்டிருந்தேன். எந்த எடத்துல கொறஞ்சுபோனேன்னு."

எழுந்து வெளியே போய், வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

குருசாமி நடைபாதையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். சுருளி அவர் முன்னால் வந்தார்.

"எல்லாம் போச்சு சாமி. நான் இருந்த விரதம் எதுக்குமே உதவல."

சுருளி மாலையை இழுத்துப் பிடித்தார்.

"இது கழுத்த நெரிக்குது. தாங்கல." சுருளி குனிந்து கழுத்தை நீட்டினார். "குருசாமி கையாலேயே கழட்டி விட்டுடுங்க."

குருசாமி ஒரு டீயைச் சுருளியின் கையில் கொடுத்தார். இன்னொன்றையும் கொடுத்தார். தன் இரண்டு கையும் காலியானதும், அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போடறப்ப அக்காவக் கேட்டீங்களா சாமி?"

"இல்ல."

"கழட்டறதையாவது கேளுங்க."

சுருளி பெஞ்சைப் பார்த்தார். பத்தடி தூரம் இருக்கும். இரண்டு கையிலும் டீயை வைத்துக்கொண்டு நின்றார். அது ஆறிப்போகும்வரை நின்றார்.

அவ்வளவுதான். எழுந்து போங்கள். போகும்போது இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். சுருளி வீட்டுத் தெருவில்தான் நான் இன்னும் குடியிருக்கிறேன். அந்த இருமல் என் வீட்டுச் சுவர் வரைக்கும் கேட்கும்.